சாதாரண வாசகரும் ஸ்பான்ஜ் கேக்கும்

நீதிபதி ஹெட்லி பாஸ்கோ வாயைத் திறந்ததற்காக ஒரு தடவையும், திறக்காததற்காக ஒரு தடவையும் மேல்கோர்ட்டில் குட்டு வாங்கியவர். இரண்டுமே பத்திரிகை அவதூறு வழக்குகள். இரண்டிலும் ஜூரி என்ன முடிவு சொன்னது என்பதைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை. ஜூரி உள்ளே போவதற்கு முன் அவர் அவர்களுக்குச் சொன்ன வழிகாட்டுதல்தான் வம்பாகிவிட்டது.

முதல் வழக்கில் பந்தயக் குதிரைப் பயிற்சியாளர் ஒருவர் ஒரு நாளிதழ் மேல் வழக்குப் போட்டிருந்தார். கட்டுரையைச் ‘சாதாரண, நியாயமான வாசகர்’ ஒருவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்று பார்க்க வேண்டும், அதுதான் சட்டம். அந்த வாசகர் யார் என்று விளக்கப் புகுந்த ஹெட்லி, தன் பக்கத்து வீட்டுக்காரர், அவர் வளர்க்கும் கோழிகள், கோழி காணாமல் போனால் அவர் யாரைச் சந்தேகிப்பார், யாரைச் சந்தேகிக்க மாட்டார் என்று கால் மணி நேரம் பேசிவிட்டார். மேல்முறையீட்டில் வந்த தீர்ப்பு இப்படிச் சொன்னது: ‘ஜூரியினர் கோழிகளைப் பற்றித் தெளிவான அறிவுடனும், சட்டத்தைப் பற்றி எந்த அறிவும் இல்லாமலும் ஆலோசனை அறைக்குச் சென்றனர்.’ மறு விசாரணை.

அடிபட்டவர் அடுத்த வழக்கில் உஷாராகிவிட்டார். பழைய தீர்ப்பிலிருந்து மூன்றே வரியை எடுத்து, வாசித்து, அதோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு வந்த தீர்ப்பு: ‘ஜூரிக்கு எலும்பு பரிமாறப்பட்டது, சதை சமையலறையிலேயே தங்கிவிட்டது.’ மறுபடியும் மறு விசாரணை.

இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் டெர்மட் ஹாலோரன். மேல்முறையீட்டு நீதிபதி. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் ஹெட்லியோடு டென்னிஸ் ஆடுகிறவர். ஆட்டம் முடிந்து ஹெட்லி வீட்டில்தான் மதியச் சாப்பாடு.

எலும்புத் தீர்ப்பு வந்த வாரமும் ஆடினார்கள். ஹாலோரன் அடித்த பந்து கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

“அவுட்!” என்றார் ஹெட்லி.

“நல்லா பாத்தியாப்பா?”

“பாத்தேன். சந்தேகம்னா அப்பீல் போயேன். உனக்குத்தான் அங்க ஆளு இருக்கே.”

ஹாலோரன் பந்தை எடுத்துக்கொண்டே சிரித்தார். “கோபப்படாத ஹெட்லி. அந்தக் கோழிக் கதையை நானும் ரசிச்சுத்தான் படிச்சேன். ஆனா சட்டத்துல கோழி இல்லையே, நான் என்ன பண்ண?”

“அதான் அடுத்த தடவ கோழிய விட்டுட்டேனே! அதுக்கும் திட்டற.”

“கோழியத்தான விடச் சொன்னோம்? விளக்கத்தையே விடச் சொன்னோமா?”

அன்று சாப்பாட்டு மேஜையில் ஹெட்லி உருளைக்கிழங்கைத் தவிர வேறு யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. ஹாலோரன் போன பிறகு ஹெட்லியின் மனைவி மார்னி, பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே ஒரு யோசனை சொன்னாள்.

“நீ ஏன் உன் வாயால சொல்லி மாட்டிக்கற? ரெண்டு வக்கீலையும் உக்கார வெச்சு அவங்களையே எழுதச் சொல்லு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும். நீ சும்மா வாசி. நாளைக்கு அதுல தப்புன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அப்பீல் போவாங்க?”

ஹெட்லி அவளை நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவருக்கு இது தோன்றவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அடுத்த மாதமே வால்டா பிரையரின் வழக்கு அவரிடம் வந்தது.

வால்டா பிரையர் சிட்னிக்கு வெளியே, ஹாக்ஸ்பரி ஆற்றுப் பக்கம் இருக்கும் பாராகுல்லா என்கிற சிற்றூர்க்காரர். வயது அறுபத்து நாலு. அந்த ஊரின் வருடாந்தரக் கண்காட்சியில் ஸ்பான்ஜ் கேக் போட்டி என்றால் முதல் பரிசு அவருக்குத்தான் என்று எழுதி வைத்ததுபோல. ஊர் வாரப் பத்திரிகையான ‘பாராகுல்லா லாண்டர்ன்’ கண்காட்சிச் செய்தியை இப்படி வெளியிட்டிருந்தது:

‘ஸ்பான்ஜ் கேக் பிரிவில் திருமதி வால்டா பிரையர் தொடர்ந்து பதினோராவது ஆண்டாக முதல் பரிசு பெற்றார். நம் ஊரில் இவ்வளவு நல்ல பேக்கரி ஒன்று இருப்பது நமக்கெல்லாம் பெருமை.’

பக்கத்திலேயே கேக்கின் புகைப்படம். ஒரு முழம் உயரத்துக்குப் பொங்கி நின்றது.

பத்திரிகைக்காரர்கள் அலறியடித்துக்கொண்டு விளக்கம் சொன்னார்கள். இரண்டாவது வாக்கியம் அடுத்த பத்தியைச் சேர்ந்ததாம். தேநீர்ப் பந்தலுக்கு இலவசமாகப் பன் கொடுத்த பேக்கரிக்கு நன்றி சொல்லும் பத்தி. அச்சுக்குப் போகும்போது இரண்டு பத்தியும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரே ஒரு இடைவெளி, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் வால்டா தேவாலயத்துக்குப் போனால் யாரோ இருமினார்கள், கடைக்குப் போனால் “இன்னிக்கு என்ன வாங்கப் போறீங்க, கேக்கா?” என்றார்கள். அவர் வழக்குப் போட்டார்.

இந்த மாதிரி வழக்கில் நான்கு பேர் கொண்ட ஜூரிக்கு இரண்டே கேள்விதான். வாதி சொல்லும் பொருள் கட்டுரையிலிருந்து வருகிறதா? வருகிறதென்றால் அது அவதூறா? எழுதியவரின் மனத்தில் என்ன இருந்தது என்பது கேள்வியில்லை. சொன்னது உண்மையா பொய்யா என்பதும் இப்போதைக்குக் கேள்வியில்லை. அதெல்லாம் பிற்பாடு நீதிபதி பார்த்துக்கொள்வார். சாட்சி கிடையாது. ஜூரியின் கையில் ஒரு பிரதி பத்திரிகை மட்டும்.

வால்டா இரண்டு பொருள்களைக் காட்டியிருந்தார். ஒன்று: அவர் கடையில் வாங்கிய கேக்கைத் தான் செய்ததாகச் சொல்லிப் போட்டியில் வைத்தார். இரண்டு: பதினோரு வருஷமாகப் போட்டி நடுவர்களை ஏமாற்றினார்.

முதல் நாள் காலையிலேயே ஜூரியைத் தேர்ந்தெடுத்தாயிற்று. தலைவி மிசஸ் கட்சாரஸ், பஸ் ஓட்டுகிறவர். அடுத்தவர் நீச்சல்குளப் பம்பு பழுதுபார்ப்பவர். மூன்றாவது, பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கும் ஒரு பெண். நாலாவது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற, குண்டான, அமைதியான ஒரு பெரியவர். மதியத்துக்குள் இரு தரப்பு வாதமும் முடிந்துவிட்டது. ஹெட்லி ஜூரியை அவர்கள் அறைக்கு அனுப்பிவிட்டு, வக்கீல்கள் பக்கம் திரும்பினார்.

“ஜூரிக்கு நான் என்ன சொல்லணும்னு நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எழுதிக் குடுங்க. ஒரு காற்புள்ளிகூட ரெண்டு பேர் சம்மதமில்லாம இருக்கக் கூடாது. கடைசியில கையெழுத்து.”

வால்டாவின் வக்கீல் ஃபெந்தம், நெட்டையான மனிதர், வக்கீல்கள் கோர்ட்டில் அணியும் வெள்ளை விக்கைச் சரிசெய்துகொண்டார். பத்திரிகையின் வக்கீல் கிரெட்டா ஓல்மன் பேனாவைத் திறந்தாள். அரை மணி நேரத்தில் முடியும் என்று ஹெட்லி நினைத்தார்.

ஒன்றரை நாள் ஆயிற்று.

“சாதாரண வாசகர் வரிகளுக்கு நடுவுலயும் படிப்பார்னு போடணும், யுவர் ஆனர்,” என்றார் ஃபெந்தம்.

“படிப்பார், சரி,” என்றாள் ஓல்மன். “ஆனா வரிகளுக்கு நடுவுல வீடு கட்டிக் குடியேற மாட்டார்னும் போடணும்.”

“வீடா? என் நண்பர் உவமை எல்லாம் சொன்னா நான் சம்மதிக்க மாட்டேன்.”

“அப்ப ‘மட்டுமீறிப் போக மாட்டார்’னு போடுங்க.”

“‘போக மாட்டார்’னா அடிச்சுச் சொல்ற மாதிரி இருக்கு. ‘போகிறவர்னு கருதிவிடக் கூடாது’ன்னு வெச்சுக்கலாம்.”

“அப்படின்னா ‘சந்தேகப் புத்தி உடையவர் அல்லர்’னு முன்னாடி சேர்க்கணும்.”

“சேர்த்தா ‘எதையும் சந்தேகிக்காதவரும் அல்லர்’னு பின்னாடி சேர்க்கணும்.”

“சேர்த்தா அதுக்கு ஒரு வேலி போடணும்.”

“வேலி போட்டா அதுக்கு ஒரு கதவு வேணும்.”

ஹெட்லி தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒன்றரை நாளும் ஜூரியினர் நால்வரும் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். நீதிபதியின் சேவகர் மெர்வ், முன்னாள் ராணுவத்துக்காரர், டீ கொண்டுபோய்க் கொண்டுபோய் அலுத்துப்போனார்.

“பிஸ்கட் டப்பா மூணு காலி, ஜட்ஜ்,” என்று ஹெட்லியின் அறைக்கு வந்து ரகசியமாகச் சொன்னார். “அந்த பஸ் அம்மா, ‘இந்நேரம் நான் நாலு தடவ போயிட்டு வந்திருப்பேன்’னு கத்தறாங்க.”

ஒருவழியாக மூன்றாம் நாள் காலையில் கையெழுத்தான காகிதம் வந்தது. ஹெட்லி ஜூரியை அழைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். மற்றவை எல்லாம் வழக்கமான வரிகள். நடுவில் இருந்த வாக்கியம்தான் இது:

‘சாதாரண, நியாயமான வாசகர் என்பவர் சந்தேகப் புத்தி உடையவர் அல்லர் எனினும், எதையும் சந்தேகிக்காதவர் அல்லர் என்று கொள்ள வேண்டியதில்லை என்பதையும், வரிகளுக்கு இடையே படிக்காதவர் அல்லர் எனினும், அவ்வாறு படிப்பதில் மட்டுமீறிச் செல்லாதவர் அல்லர் என்று கருதிவிடக் கூடாது என்பதையும், பரபரப்புக்கு அலையாதவராகிய அவரது அறிவு சராசரிக்குக் குறைந்ததன்று, மிகுந்ததுமன்று என்பதையும் நீங்கள் மனத்தில் இருத்தாமல் இருத்தல் ஆகாது.’

வாசித்து முடித்தபோது ஹெட்லிக்கே மூச்சு வாங்கியது. பம்புக்காரர் கண்ணை மூடியிருந்தார். ஆழ்ந்து யோசிக்கிறார் என்று ஹெட்லி எடுத்துக்கொண்டார். வக்கீல்கள் இருவரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். ஜூரி உள்ளே போயிற்று.

இருபது நிமிஷத்தில் முதல் சீட்டு வந்தது. மெர்வ் அதை ஒரு தட்டில் ஏந்திவந்தார். ஹெட்லி உரக்கப் படித்தார்: “‘அந்த அம்மா நிஜமாகவே கேக்கைத் தானே செய்தாரா? தெரிந்தால் எங்களுக்கு வசதியாக இருக்கும்.’”

பார்வையாளர் வரிசையில் இருந்த வால்டா பிரையர் எழுந்தே விட்டார். “நானேதான் செஞ்சேன்! ஆறு முட்டை, எல்லாம் எங்க வீட்டு—” ஃபெந்தம் ஓடிப்போய் அவரை உட்கார வைத்தார்.

அது உங்கள் கேள்வி இல்லை என்று ஹெட்லி ஜூரிக்குச் சொல்லி அனுப்பினார். பத்து நிமிஷத்தில் அடுத்த சீட்டு: ‘அதே மாதிரி ஒரு கேக் கொண்டுவந்து காட்ட முடியுமா? டீக்காக அல்ல, வழக்குக்காக.’ முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

மூன்றாவது சீட்டைப் படித்ததும் அவருக்குத் தலை சுற்றியது. ‘எங்களில் ஒருவர் முப்பது வருடம் பேக்கரி வைத்திருந்தவர். படத்தில் உள்ள உயரத்துக்கு வீட்டு அடுப்பில் ஸ்பான்ஜ் எழும்பவே எழும்பாது என்கிறார். அவர் சொல்வதைக் கேட்கலாமா?’

ஃபெந்தம் துள்ளி எழுந்தார். “ஜூரியைக் கலைச்சுடணும் யுவர் ஆனர்! சாட்சியே இல்லாத வழக்குல சாட்சி உள்ள உக்காந்திருக்கு!”

“அவர் உயரத்தைப் பத்தித்தான சொல்றார்?” என்றாள் ஓல்மன், முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷத்தோடு. “பத்திரிகை உயரத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே.”

கலைத்தால் மூன்று நாளும் வீண். புது ஜூரி, புது பிஸ்கட், மறுபடி அந்த வாக்கியத்தைப் பற்றிய பேரம். ஹெட்லி கலைக்கவில்லை. நால்வரையும் அழைத்து, அந்தக் குண்டுப் பெரியவரைப் பார்த்து, “நீங்க உள்ள போகும்போது உங்க பேக்கரியை வாசல்லயே விட்டுட்டுப் போகணும். இங்க நீங்க பேப்பர் படிக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான்,” என்றார்.

“ஆகட்டும் சார்,” என்றார் பெரியவர் வருத்தத்தோடு. “ஆனா அது எழும்பாது சார்.”

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலாவது சீட்டு. அதன் கையெழுத்தே கோபமாக இருந்தது. ‘காலையில் நீதிபதி வாசித்ததைச் சாதாரண ஆள் பேசுகிற பேச்சில் யாராவது சொல்வீர்களா? நாங்கள் நாலு பேரும் நாலு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். ஒருவர் தூங்கிவிட்டார்.’

ஹெட்லி வக்கீல்களைப் பார்த்தார்.

“சம்மதிச்ச வாசகத்தையே இன்னொரு தடவ வாசிச்சுடலாம், யுவர் ஆனர்,” என்றார் ஃபெந்தம். “இன்னும் கொஞ்சம் நிதானமா.”

“எனக்கும் அதே கருத்துதான்,” என்றாள் ஓல்மன். மூன்று நாளில் இருவரும் பேரம் பேசாமல் ஒத்துப்போனது இது ஒன்றில்தான்.

காகிதம் மேஜை மேல் இருந்தது. வாசித்தால் போதும். யாரும் குறை சொல்ல முடியாது. மார்னி சொன்னதும் அதுதான். ஹெட்லி காகிதத்தைக் கையில் எடுத்தார். ‘சந்தேகிக்காதவர் அல்லர் என்று கொள்ள வேண்டியதில்லை’ என்ற இடம் வந்ததும் அவர் கண் அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே விளங்கவில்லை. எதிரே மிசஸ் கட்சாரஸ் கையைக் கட்டிக்கொண்டு, சிக்னலில் காத்திருக்கிறவரைப்போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கே புரியாததை இந்த மனுஷிக்கு எப்படி இரண்டாம் தடவை வாசிப்பது?

அவர் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

“இங்க பாருங்க,” என்றார். “காலையில காபி குடிச்சுக்கிட்டே பேப்பர் படிக்கிறீங்க. ஒரு தடவதான் படிக்கிறீங்க. திருப்பித் திருப்பிப் படிச்சு ஆராய்ச்சி பண்ணல. எழுதினவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க சூதுவாது பிடிச்சவங்களும் இல்ல, வெள்ளந்தியும் இல்ல. படிச்சு முடிச்சுப் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு வேலைக்குக் கிளம்பறீங்க. அப்ப அந்தம்மாவப் பத்தி உங்க மனசுல என்ன தங்கியிருக்கு? அதான் முதல் கேள்வி. அந்த மாதிரி நினைப்பு ஒருத்தரப் பத்தி வந்தா, நல்ல மனுஷங்க அவங்கள முன்ன விடக் கொறச்சலா மதிப்பாங்களா? அது ரெண்டாவது. அவ்வளவுதான்.”

ஃபெந்தம் எழுந்தார். வாய் திறந்தது. ஹெட்லி அவரை ஒரு பார்வை பார்த்தார். ஆட்சேபணையைப் பதிவு செய்துகொண்டு உட்கார்ந்தார்.

மிசஸ் கட்சாரஸ் கையைப் பிரித்தார். “இவ்வளவுதானா சார்?” என்றார்.

ஜூரி உள்ளே போனதும் தண்ணீர் வைக்க வந்த மெர்வ், குனிந்து மெதுவாக, “இத மொத நாளே சொல்லியிருந்தா நாலு டப்பா பிஸ்கட் மிச்சம், ஜட்ஜ்,” என்றார்.

முக்கால் மணி நேரத்தில் முடிவு வந்தது. முதல் பொருள் — கடையில் வாங்கிய கேக்கைத் தான் செய்ததாகச் சொன்னார் — கட்டுரையிலிருந்து வருகிறதா? வருகிறது. அது அவதூறா? இல்லை. இரண்டாவது பொருள், நடுவர்களைப் பதினோரு வருஷம் ஏமாற்றினார் என்பது வருகிறதா? வரவில்லை.

பத்திரிகை ஜெயித்துவிட்டது. வால்டாவுக்குச் சில விநாடி கழித்துத்தான் புரிந்தது. “நான் கடை கேக்கை வெச்சேன்னு எழுதினது நெசம், ஆனா அதுல தப்பில்லையா? அப்படின்னா என்னய்யா அர்த்தம்?” என்று அவர் ஃபெந்தமின் அங்கியைப் பிடித்து உலுக்கினார். ஃபெந்தம் அங்கியை விடுவித்துக்கொண்டு காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

ஜூரி அறையில் பேசியது வெளியே வரக் கூடாது. ஆனால் லிப்டில் பேசினால் யார் என்ன செய்ய முடியும்? மெர்வ் அதே லிப்டில் இறங்கியிருக்கிறார். பல் மருத்துவமனைப் பெண் சொன்னாளாம்: “எங்க பிள்ளைங்க பள்ளிக்கூட விழாவுக்கு நான் எத்தன தடவ கடையில வாங்கி, அட்டைப் பெட்டியப் பிரிச்சு, எங்க வீட்டுத் தட்டுல வெச்சுக் கொண்டுபோயிருக்கேன்!” மிசஸ் கட்சாரஸ் சொன்னாராம்: “நான் மட்டும் என்ன? மேல கொஞ்சம் சர்க்கரைப் பொடி தூவிட்டா கடவுளுக்கே தெரியாது.”

“மெர்வ்,” என்றார் ஹெட்லி, “நீ சொன்னது எதுவும் என் காதுல விழல.”

“சரி ஜட்ஜ். பம்புக்காரர் என்ன சொன்னார்னு சொல்லட்டுமா?”

“வேண்டாம்,” என்றவர், கதவு வரை போய்த் திரும்பி, “என்ன சொன்னார்?” என்றார்.

“அவர் பெண்டாட்டி அவர்கிட்டயே அப்படித்தான் பண்றாங்களாம்.”

வால்டா மேல்முறையீடு செய்தார். இரண்டு காரணம்: சட்ட நூல் எதிலும் இல்லாத ‘காபி’ வழிகாட்டுதல் ஜூரியைத் திசைதிருப்பியது, இரண்டாவது, எந்த நியாயமான ஜூரியும் இப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்க முடியாது. முறையீட்டைக் கேட்ட மூன்று நீதிபதிகளில் ஒருவர் டெர்மட் ஹாலோரன்.

அந்த ஐந்து மாதமும் சனிக்கிழமை ஆட்டம் ஊமைப்படம்போல நடந்தது. வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. பேசக் கூடாது என்று நினைக்க நினைக்க வேறு எதுவும் பேச வரவில்லை. ஹாலோரன் சாப்பாட்டு மேஜையில் ஒருநாள் மறந்துபோய், “மார்னி, காபி இருக்கா?” என்று கேட்டுவிட்டார். கேட்டவர் முகம் சிவந்து, “டீயே போதும்,” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஹெட்லி மூன்று நாள் யோசித்தார். வெள்ளந்தியாகப் படிப்பதா, வரிகளுக்கு நடுவே படிப்பதா?

தீர்ப்பு முப்பத்தொரு பக்கம் வந்தது. ஹெட்லி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே படித்தார். பத்தொன்பதாம் பக்கத்தில் ஹாலோரன் எழுதியிருந்தார்: ‘முன்தயாரிப்பின்றிச் சொல்லப்பட்டதாகத் தோன்றும் அந்த வார்த்தைகளில் எந்தப் பிழையும் நமக்குத் தென்படவில்லை. சட்டத்தை இதைவிடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் சொல்வது கடினம். முதலிலேயே சொல்லப்பட்டிருக்கலாம் என்பது மட்டுமே நம் வருத்தம்.’

ஹெட்லி உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி படித்தார். சாதாரண வாசகர் ஒரு தடவைதான் படிப்பார் என்ற தன் வாக்கையே மறந்து ஆறு தடவை படித்தார்.

அடுத்த பக்கம்: ‘ஆனால் இரு வழக்கறிஞர்களும் கையெழுத்திட்டுத் தந்த வாக்கியம் வேறு விஷயம். அதிலுள்ள எதிர்மறைச் சொற்களை இந்த நீதிமன்றம் பொறுமையாகக் கழித்துப் பார்த்தது. முடிவில், நியாயமான வாசகர் படிப்பதை எல்லாம் நம்பிவிடக்கூடியவர் என்றே அது சொல்கிறது. இருவரும் சம்மதித்துவிட்டதால் இதைப் பற்றி முறையிட இருவருக்குமே உரிமையில்லை. இப்படி ஒரு முறை மீண்டும் கையாளப்படாது என்று நம்புகிறோம்.’

வால்டாவின் இரண்டாவது காரணத்தை மூவரும் ஒப்புக்கொண்டார்கள். போட்டியில் கடைக் கேக்கை வைப்பது மதிப்பைக் குறைக்காது என்று நியாயமான எந்த ஜூரியும் சொல்லியிருக்காது. முடிவு ரத்து, புதிய விசாரணை.

மாலையில் வீட்டுக்குப் போனதும் மார்னியிடம் தீர்ப்பை நீட்டினார்.

“அப்ப ஜெயிச்சியா, தோத்தியா?”

“வழக்கு தோத்துது. நான் ஜெயிச்சேன். பத்தொம்பதாம் பக்கம் பாரு.”

மார்னி பத்தொன்பதையும் படித்தாள், இருபதையும் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். “அந்தக் கையெழுத்து யோசனை யாரோடது?”

ஹெட்லி டையைத் தளர்த்துவதில் மும்முரமானார்.

“‘இப்படி ஒரு முறை மீண்டும் கையாளப்படாது என்று நம்புகிறோம்’. என் வீட்டுல இருபது வருஷமா ஆட்டுக்கறி தின்னுட்டு என் யோசனையை அச்சுல ஏத்தித் திட்டியிருக்கான் பாரு! வரட்டும் சனிக்கிழமை.”

“அது உன் யோசனைன்னு அவனுக்குத் தெரியாது, மார்னி.”

“தெரியாமத் திட்டினா வலிக்காதா?”

அந்தச் சனிக்கிழமை ஹாலோரனுக்கு முட்டைக்கோஸ் சூப் மட்டும் கிடைத்தது. ஏன் என்று அவருக்குக் கடைசி வரை புரியவில்லை. ஹெட்லியும் சொல்லவில்லை. தன் வாயால் ஏதும் கெட வேண்டாம் என்று இருந்துவிட்டார்.

புதிய விசாரணை நடக்கவேயில்லை. பத்திரிகையின் முதலாளி இன்னொரு ஒன்றரை நாளை நினைத்தே பயந்துபோய்ச் சமாதானத்துக்கு வந்தார். வால்டாவுக்கும் ஒரு மன்னிப்பு அச்சில் வந்தால் போதும் என்றாகியிருந்தது. வழக்கு வாபஸ் ஆயிற்று. அடுத்த வாரம் ‘லாண்டர்ன்’ முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, பத்தி எல்லாம் சரியாகப் பிரித்து, மன்னிப்பு வந்தது:

‘திருமதி வால்டா பிரையரின் கேக் கடையில் வாங்கப்பட்டது என்று நாங்கள் ஒருபோதும் சொல்லவில்லை. அப்படி ஒரு கேக்கை எந்தக் கடையும் விற்காது என்பது ஊரறிந்த உண்மை.’

பத்து நாளில் புது வழக்குப் பதிவாயிற்று.

எந்த வழக்கு யாருக்கு என்று பட்டியல் போடும் நீதிபதி ஹெட்லிக்குப் போன் செய்தார். “உங்களுக்குத்தான் இந்த அம்மா கதை அத்துப்படி. நீங்களே எடுத்துக்கறீங்களா?”

“முடியாதுங்க,” என்றார் ஹெட்லி. “அந்தக் கேக்கைப் பத்தி எனக்கு ஏற்கெனவே ஒரு அபிப்பிராயம் வந்துடுச்சு.” என்ன அபிப்பிராயம் என்று அவர் கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை.

வழக்கு புதிதாகப் பதவிக்கு வந்த நெரிடா வான்ஸ் என்கிற நீதிபதியிடம் போயிற்று. விசாரணைக்கு முதல் நாள் அவர் ஹெட்லியின் அறைக்கு வந்து, தயங்கித் தயங்கி நின்றார்.

“மேல்கோர்ட் பாராட்டின அந்த வழிகாட்டுதல்... அதை எப்படித் தயார் பண்ணீங்கன்னு கேக்கலாம்னு வந்தேன். ஜூரிக்கு என்ன சொல்றதுன்னு எனக்கு ஒரே பயமா இருக்கு.”

ஹெட்லிக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். வாய் வரை வந்த பக்கத்து வீட்டுக்காரரை விழுங்கிக்கொண்டார். “உங்களுக்குப் புரியாதத அவங்ககிட்ட வாசிக்காதீங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உக்காருங்க, மெர்வ் டீ கொண்டுவருவார்,” என்றார்.

பிறகு இருவரும் அந்த மன்னிப்பு வாக்கியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அது பாராட்டு என்றார் நெரிடா வான்ஸ். இல்லவே இல்லை, கேலி என்றார் ஹெட்லி. டீயை வைத்துவிட்டுப் போகிற போக்கில் மெர்வ், “எனக்கு ரெண்டுமேன்னுதான் தோணுது,” என்றார்.